டாக்டர் சொன்னாலும் வேலை போகலாம்! - அமெரிக்காவின் மருத்துவக் கஞ்சா சட்டம் சொல்வது என்ன?

'அமெரிக்காவுலதான் கஞ்சா லீகல் ஆச்சே... டாக்டர் சொன்னா வாங்கிக்கலாம்ல?' என்று கேட்பவரா நீங்கள்? பல மாநிலங்களில் வாங்கலாம்தான். ஆனால், சட்டம் தரும் பாதுகாப்பு பாதிதான்.

கதை கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. புற்றுநோய், எய்ட்ஸ், தீராத வலி போன்றவற்றுக்கு டாக்டர் பரிந்துரைத்தால் கஞ்சா பயன்படுத்தலாம் என 1996-ல் மக்களே ஓட்டுப்போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால், மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சாவுக்குத் தடை. 'பரிந்துரைத்தால், மருந்து எழுதும் அனுமதியையே பறிப்போம்' என டாக்டர்களை மிரட்டியது மத்திய அரசு.

டாக்டருக்கு என்ன பாதுகாப்பு?

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த எய்ட்ஸ் சிகிச்சை மருத்துவர் மார்கஸ் கோனன்ட் உள்ளிட்ட டாக்டர்களும் நோயாளிகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். 'கஞ்சா உதவும் என்று நோயாளியிடம் சொல்வது டாக்டரின் பேச்சுரிமை. அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது' என 2002-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக டாக்டரே கஞ்சா வாங்க ஏற்பாடு செய்து தர முடியாது. இதனால்தான் அங்கே டாக்டர் கொடுப்பது மருந்துச் சீட்டு அல்ல, பரிந்துரை மட்டுமே.

நோயாளிக்கு?

மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. 2014-ல்தான் ஓர் ஆறுதல் கிடைத்தது. மாநிலங்களின் மருத்துவக் கஞ்சா திட்டங்களைத் தடுக்க நீதித்துறை அமைச்சகம் பணம் செலவழிக்கக் கூடாது என நாடாளுமன்றம் நிபந்தனை போட்டது. பட்ஜெட்டோடு சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிபந்தனை இது!

வேலை விஷயம் இன்னும் சிக்கல். டாக்டர் பரிந்துரையோடு முதுகுவலிக்குக் கஞ்சா எடுத்தவரை ஒரு நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது. 'அது தப்பில்லை' என்றது 2008-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம். வேலை நேரத்துக்கு வெளியே பயன்படுத்துபவர்களைப் பாதுகாக்கும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்ததே 2024-ல்தான். அதிலும் கட்டுமானத் தொழில் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

கிரீன் கார்டில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க... மாநிலத்தில் லீகல் என்றாலும், கஞ்சா பயன்படுத்தியது குடியுரிமை கிடைப்பதற்குத் தடையாகலாம் என 2019-ல் குடியேற்றத் துறை தெளிவாகவே சொல்லிவிட்டது. அதனால் டாக்டர் பரிந்துரை கையில் இருந்தாலும், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் பாஸ்!