மையே இல்லாமல் அச்சான போர்க் காயங்கள்: சோம்நாத் ஹோர் செய்தது என்ன?

ஒரு வெள்ளைத் தாள். மை இல்லை, உருவமும் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு கீறல். அதன் ஓரம் மட்டும் தோல் கிழிந்த மாதிரி தடித்திருக்கிறது. சோம்நாத் ஹோரின் 'காயங்கள்' வரிசை அச்சோவியங்களை முதல்முறை பார்க்கும்போது "இதுல என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்டால் அதில் தப்பில்லை.

பதில் 1942-ல் இருக்கிறது. ஹோர் 1921-ல், இன்றைய வங்கதேசத்திலுள்ள சிட்டகாங்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், பக்கத்திலிருந்த சிட்டகாங் பகுதியில் குண்டு விழ ஆரம்பித்தது. பட்டியா என்ற ஊரில் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த சாதாரண ஜனங்களை அவர் நேரில் பார்த்தார், பார்த்ததை வரைந்தார். அடுத்த வருஷமே வங்கப் பஞ்சம். அதற்கும் போருக்கும் சம்பந்தம் உண்டு: பர்மா அரிசி வரத்து நின்றுபோனது, ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று கடலோர மாவட்டங்களில் படகுகளையும் நெல்லையும் ஆங்கிலேய அரசே அப்புறப்படுத்தியது. சுமார் 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஹோரின் பஞ்சப் படங்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் 'ஜனயுத்தா' இதழில் வெளியாயின.

பிறகு கல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் அச்சுக்கலை படித்தார். ஏன் அச்சு? ஓவியம் ஒன்றே ஒன்றுதான், வாங்கியவர் வீட்டுச் சுவரோடு சரி. பலகையில் செதுக்கிவிட்டால் வேண்டிய பிரதி எடுக்கலாம். அதனால்தான் பயமும். நெப்போலியன் படை ஸ்பெயினில் நடத்திய கொலைகளை கோயா செப்புத் தகடுகளில் செதுக்கினார். ஆனால் அந்தத் தொகுப்பு வெளியானது 1863-ல், அவர் இறந்து 35 வருஷம் கழித்து! ஹோரின் தோழர் சித்தப்ரசாத் பஞ்சம் பற்றி வெளியிட்ட சித்திரப் புத்தகத்தை அரசு பறிமுதல் செய்து அழித்தது.

1970-களில் வியட்நாம், வங்கதேசப் போர், கல்கத்தா தெருக் கொலைகள் எல்லாம் ஹோருக்குப் பழைய பட்டியாவைக் கண்முன் கொண்டுவந்தன. இப்போது அவர் காயம்பட்டவரை வரையவில்லை. களிமண் தகட்டைக் கத்தியால் கிழித்தார், காய்ச்சிய கம்பியால் சுட்டார். அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, ஈரக் காகிதக் கூழை அதன்மேல் அழுத்திக் காயவைத்தார். உரித்து எடுத்தால் தாளே காயத்தோடு வரும். யாருடைய காயம், எந்த ஊர், எந்தப் படை சுட்டது? எதுவும் எழுதியிருக்காது.

புகைப்படத்தில் இது பாதிகூடத் தெரியாது. எங்காவது கண்காட்சியில் பார்க்க நேர்ந்தால் நேரெதிரே நிற்காதீர்கள். கொஞ்சம் ஓரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் நில்லுங்கள். அப்போதுதான் அந்தக் கீறலுக்குள் நிழல் விழும்.