உஷார்! சக்கரம் முனகினால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள்

பழைய மாருதி 800 வைத்திருக்கிறீர்களா? இந்த வாரமே ஒருநாள் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். 2014 ஜனவரியோடு இந்த வண்டியின் தயாரிப்பு நின்றுவிட்டது. இன்று ரோட்டில் ஓடும் கடைசி 800-க்கும் பத்து வயது தாண்டிவிட்டது. ‘பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்’ என்று சொல்லிச் சொல்லியே காது பழகிவிடுகிறது. அங்கேதான் ஆபத்து.

நாற்பதைத் தாண்டியதும் ‘ஊஊ’ என்று முனகல் கிளம்பி, வேகத்தோடு சேர்ந்தே ஏறுகிறதா? ஆளில்லாத நேர் ரோட்டில் கிளட்சை மிதியுங்கள். இன்ஜின் அடங்கியும் முனகல் தொடர்ந்தால் கோளாறு சக்கரப் பக்கம். சோதிக்கிறேன் என்று ஓடும் வண்டியில் சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் வண்டி நம் கையில் இல்லை! அடுத்து, மெதுவாக ஒரு வளைவு. இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலச் சக்கரத்தில் இறங்கும். அப்போது முனகல் ஏறினால் வலது வீல் பேரிங் மேல்தான் முதல் சந்தேகம்.

மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் இப்படியே ஊளையிடும். அதனால் ஊகத்தோடு நிற்காதீர்கள். மெக்கானிக்கிடம் சொல்லி, ஜாக்கி போட்டு ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டொக்’ என்று ஆட்டம் கொடுத்தால் ஒன்று பேரிங், இல்லையென்றால் பால் ஜாயின்ட். ஆட்டமே இல்லையா? ஒரு கை சக்கரத்தைச் சுற்றட்டும், மறு கை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைத் தொட்டபடி இருக்கட்டும். நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றும். போன பேரிங்கில், மணலை அரைப்பதுபோன்ற நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கே வந்துவிடும்.

கிரீஸ் வற்றிய பேரிங் சூடேறும், ஆட்டம் கூடும், முற்றினால் சக்கரத்தையே இறுக்கிப் பிடித்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் ‘டக்’ என்றால் அதைவிட அவசரம். அது பால் ஜாயின்ட்டாக இருந்து, ஓட்டத்தில் கழன்றால் முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பயனில்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் ‘கட கட’ என்றால் ஆக்சில் ஜாயின்ட். இரண்டு நாளுக்குள் காட்டிவிடுங்கள். பிரேக் அடித்தால் இரும்போடு இரும்பு உரசும் சத்தமா? பேட் தீர்ந்துவிட்டது, ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆயில் விளக்கு எரிந்து இன்ஜினும் தட்டினால் அந்த இடத்திலேயே ஓரம்கட்டி அணையுங்கள்.

பஞ்சர் ஒட்டியோ டயர் மாற்றியோ வந்தபின் புதிதாக ‘டக் டக்’ கேட்டால் இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே நிறுத்தி, ஸ்பேனரை எடுத்து, அந்தச் சக்கரத்தின் நான்கு நட்டையும் முடுக்கிப் பாருங்கள்.