பரங்கிப்பேட்டை இரும்பும் பறிபோன உரிமையும்

தொழில்நுட்பத்தை நம்பி, பிறர் பணத்தில் தொடங்கும் நிறுவனம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை எழுந்தது. நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் உத்தியோகத்தை உதறியவர். அரசிடம் முன்பணமும் தனியுரிமையும் பெற்று, ஐரோப்பிய முறையில் ஊதுலை கட்டிப் பேரளவில் இரும்பு வார்க்க இறங்கினார்.

சரக்கில் குறையில்லை, இங்கே வார்த்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. கணக்குத்தான் உதைத்தது. தாது சேலம் பக்கமிருந்து வரவேண்டும். உலை மரக்கரியில் எரிந்தது. காடு குறையக் குறையக் கரிக்கான தூரமும் செலவும் ஏறின. கைமாறியும் கரையேறாத ஆலை, 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே மூடப்பட்டது. அதே மாவட்டத்தில் 1840களில் தொடங்கிய நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையோ நிலைத்தது. அதற்கான கரும்பு சுற்றுவட்டாரத்திலேயே விளைகிறது. வெட்டியபின் மறுதாம்பு துளிர்க்கிறது.

ஹீத்தின் பெரிய இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. இங்கிலாந்து திரும்பிய அவர், 1839-ல் எஃகு உருக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மூசையில் உருகும் எஃகோடு நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை மாங்கனீசு-கரிச் சேர்மத்தைப் போட்டால், விலை குறைந்த உள்ளூர் இரும்பிலிருந்தே நல்ல எஃகு கிடைக்கும். விலை கூடிய சுவீடன் இரும்பை நம்பியிருந்த ஷெஃபீல்டு நகரத்துக்கு இது பெரும் லாபம்.

ஆனால் காப்புரிமைப் பத்திரம் சொன்னது, தயாராகச் செய்துவைத்த சேர்மத்தை மட்டும். மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் போட்டாலும் அதே சேர்மம் உள்ளேயே உருவாகும், செலவும் குறைவு. அந்த மலிவு வழியைச் சொல்லிக்கொடுத்தவரும் ஹீத்தேதான். பத்திரத்தில் அது இல்லாததால், உற்பத்தியாளர்கள் உரிமைத் தொகை தராமலே அதைக் கையாண்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1855-ல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது ஹீத் உயிரோடில்லை.

இன்றைய இளம் நிறுவனர்களுக்கும் இதே கண்ணி காத்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருப்பது இதே பரங்கிப்பேட்டையில். சிதம்பரத்தில் அதன் பொறியியல் புலம். ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைக்குப் போகும் வழியில் காப்புரிமைதான் முதல் சுங்கச்சாவடி. விண்ணப்பிக்குமுன் கருவியைக் கண்காட்சியில் வைத்தாலோ கட்டுரையாக வெளியிட்டாலோ, சில விதிவிலக்குகள் தவிர, புதுமை என்ற தகுதி போய்விடும். தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விவரம் தர 12 மாத அவகாசம் உண்டு. பெரிய நிறுவனம் இணையவழியில் 8,000 ரூபாய் கட்டும் இடத்தில், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கு 1,600 ரூபாய்தான். வெறும் கணினி நிரலுக்கு இந்தியச் சட்டம் காப்புரிமை தருவதில்லை. செயலி செய்பவர்கள் பதிப்புரிமையை நம்பவேண்டும்.

சந்தையை முந்திப் பிடிப்பதே போதும், பத்திரம் தேவையில்லை என்போரும் உண்டு. ஹீத்தின் கதை அதற்கு இடம் தரவில்லை. கட்டணம் மலிந்தாலும் உரிமைக் கோரலை எழுதும் திறமை மலியவில்லை. தான் செய்யும் வழியோடு, அதே பலனைத் தரக்கூடிய மாற்று வழிகளையும் முதல் விண்ணப்பத்திலேயே அடைத்து எழுதத் தெரிந்த முகவர் கிடைப்பதில்தான் சிறுநகர நிறுவனரின் கதி இருக்கிறது.