சுருள மறுக்கும் முன்பாய்

திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்று நோக்கும் மாணவர்க்கு இன்று தென்படுவன பெரும்பாலும் இயந்திரம் பூட்டிய படகுகளே. ஆயினும் பாயின் கதை முடிந்துவிடவில்லை. இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்மரக் கலம் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவினின்றும் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29ஆம் நாள் அங்கேயே மீண்டது. அதைச் செலுத்தியவர் இருவரே: கேரளத்துத் தில்னா, புதுச்சேரி ரூபா என்னும் பெண் அதிகாரிகள். முற்காலத்துத் தூத்துக்குடித் தோணிகளில் பாயை இறக்கிக் கட்டப் பல ஆட்கள் இருந்தனர். ஓரிருவரே செல்லும் கலத்தில், காற்று மிகும்போது பாயின் பரப்பை விரைந்து குறைப்பது எங்ஙனம்? அதற்கென அமைந்ததே முன்பாயைச் சுருட்டும் கருவி.

அதன் அமைப்பு எளிது. பாய்மரத்தின் உச்சியினின்றும் கலத்தின் முன்முனைக்கு ஓர் உலோக வடம் வருகிறது. மரம் பின்னே சாயாமல் தாங்குவது அதுவே. அவ்வடத்தின்மேல் நீண்ட அலுமினியக் குழல் ஒன்று பொருந்தியிருக்கும். முன்பாயின் விளிம்பு அக்குழலில் கோக்கப்பட்டிருக்கும். குழலின் அடியில் ஓர் உருளை. அதில் சுற்றிய கயிறு கப்பிகளின் வழியே பின்புறம் வருகிறது. சாட்டையை இழுக்கப் பம்பரம் சுழல்வதுபோல, இக்கயிற்றை இழுக்க உருளையும் குழலும் சுழன்று பாய் சுருள்கிறது. மேலே, பாயை ஏற்றும் கயிறு முறுக்கிக்கொள்ளாதவாறு சுழல்மூட்டு ஒன்று உண்டு.

இக்கருவி சுழல மறுத்தால் செய்வது யாது? இன்னும் பலமாக இழுப்போம் என்பதே முதலில் தோன்றும் எண்ணம். அதுவே பெருந்தீங்கு. தேர் நகராவிடின், வடம் பிடிப்போர் வலிமையைக் கூட்டுமுன், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இருக்கிறதா என்று பார்ப்பதன்றோ முறை?

காரணங்களை எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வரிசையில் ஆராய்தல் நன்று. முதலாவது, காற்றின் அழுத்தம். பாயின் பின்மூலையைப் பிடித்திருக்கும் கயிற்றைத் தளர்த்தி, காற்று பின்புறமிருந்து வருமாறு கலத்தைத் திருப்பினால், பெரும்பாய் முன்பாயை மறைத்துக்கொள்ளும், சுமை குறையும். இரண்டாவது, கயிற்றின் பாதை. கப்பி ஏதேனும் சிக்கியிருக்கலாம். கயிறு உருளைக்குச் செங்கோணமாகச் செல்லாவிடில் ஒருபுறமே குவியும். பாயை விரிக்கும்போது கயிற்றைச் சற்றும் பிடிக்காமல் விட்டுவிட்டால், சுற்றுகள் தளர்ந்து ஒன்றின் கீழ் ஒன்று புதைந்து இறுகும்.

மூன்றாவது காரணம் மேலே உள்ளது, மிகவும் அபாயமானது. பாயை ஏற்றும் கயிறு வடத்திற்கு இணையாக ஒட்டிச் சென்றால், சுழல்மூட்டுக்கு மேலே அது குழலைச் சுற்றிக்கொள்ளும். அக்கயிறு சற்றே பின்னோக்கி விலகிச் செல்லுமாறு அமைப்பதே காப்பு. இதை அறியாது வின்ச்சுப் பொறியில் கயிற்றைச் சுற்றி இழுப்பவர், பாயைச் சுருட்டவில்லை. தாங்கும் வடத்தையே முறுக்குகிறார். வடத்தின் இழைகள் பிரிந்து அறுமாயின் பாய்மரமே சாயக்கூடும். நடுக்கடலில் அதன் பொருள் யாதென நான் விளக்க வேண்டுவதில்லை.

நான்காவது, உப்பும் அழுக்கும் படிந்த பேரிங்குகள். கலம் துறைமுகத்தில் காற்றின்றி நிற்கும்போது பாயை இறக்கிவிட்டு, குழலைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் கடினமாயின், குற்றம் பெரும்பாலும் கீழ்ப் பேரிங்கில். நன்னீரால் நன்கு கழுவுதல் முதல் மருந்து. எளிதாகச் சுழன்றாலோ, குற்றம் பாயிலோ, மேற்கயிற்றிலோ, சுமை ஏறினால் மட்டும் இறுகும் மூட்டிலோ இருத்தல் வேண்டும். பாயை மீண்டும் ஏற்றி மேற்கயிற்றைச் சிறிது தளர்த்துங்கள். உடனே இலகுவானால், அது அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தது என்பது தெளிவு.

ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல் அறிவியல் கூடத்தில் நீங்கள் கற்கும் நெறி. இரண்டை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினும் அதன் காரணம் விளங்காது. காரணம் விளங்காத குறை மறுமுறை புயலில் வந்து நிற்கும். ஆகவே, பொறி இறுகும்போது முதலில் கையைத் தளர்த்துங்கள். கண்ணை மேலே செலுத்துங்கள். உராய்வது எது என்று கண்டபின் இழுங்கள்.