கியரைக் குறைக்கும்போது பைக் வெட்டி இழுக்குதா? 'ரெவ் மேட்சிங்' பழகுங்க பாஸ்!

ஸ்பீடு பிரேக்கர் வருது. நாலாவது கியரில் இருந்து மூணு, ரெண்டுன்னு டக் டக்குன்னு குறைக்கிறீங்க. கிளட்சை விட்டதும் இன்ஜின் அலறுது. பைக் வெட்டி இழுக்குது. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் உங்க ஹெல்மெட்டில் 'டொக்'குன்னு மோதுது. "கிளட்ச் பிளேட் போயிடுச்சோ?" என்று உடனே மெக்கானிக்கைத் தேடிப் போகாதீங்க. பல நேரங்களில் பிரச்னை பைக்கில் இல்லை. கிளட்சை விடும் அந்த ஒரு நொடியில், உங்க வலது கை என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஏன் வெட்டி இழுக்குது?

ஒவ்வொரு கியரிலும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு இன்ஜின் இத்தனை முறை சுற்றியாக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. உதாரணத்துக்கு, உங்க பைக் மூணாவது கியரில் 40 கி.மீ வேகத்தில் போகும்போது இன்ஜின் 4,000 ஆர்.பி.எம்-மில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதே 40 கி.மீ வேகத்தில் ரெண்டாவது கியருக்கு மாறினால், இன்ஜின் சுமார் 5,500-ல் சுற்ற வேண்டியிருக்கும்.

ஆனா நாம என்ன பண்றோம்? த்ராட்டிலை முழுசா மூடிட்டு, கிளட்சைப் பிடிக்கிறோம். இன்ஜின் வேகம் ஐடிலிங்கை நோக்கிச் சரசரவென்று இறங்குது. அந்த நேரத்தில் கியரைக் குறைத்து, கிளட்சைப் பட்டென்று விட்டால், கீழே போன இன்ஜினை 5,500-க்கு இழுத்துக்கொண்டு போகும் வேலை பின் சக்கரத்தின் தலையில் விழுகிறது. சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அந்த இழுபறிதான் நீங்கள் உணரும் குலுக்கல்.

நேர் ரோட்டில் இது வெறும் குலுக்கல். மழை ஈரத்திலோ, மணல் கிடக்கும் வளைவிலோ இதே விஷயம் ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது பைக்கின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின் டயர் ரோட்டை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது கிளட்சை விட்டால், பின் டயர் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகும். "அதான் ஏ.பி.எஸ் இருக்கே" என்கிறீர்களா? ஏ.பி.எஸ் பார்ப்பது பிரேக்கை மட்டும்தான். இன்ஜின் பிடித்து இழுத்து டயர் வழுக்கினால், அது காப்பாற்ற வராது.

ரெவ் மேட்சிங் என்றால்?

சிம்பிள். அந்த வித்தியாசத்தை பின் சக்கரம் ஈடுகட்ட விடாமல், த்ராட்டிலால் நீங்களே ஈடுகட்டுவது. கிளட்ச் பிடித்திருக்கும்போது த்ராட்டிலை ஒரு சின்ன முறுக்கு முறுக்கினால், இன்ஜின் வேகம் ஏறும். அடுத்த கியருக்குத் தேவையான வேகத்தை அது தொடும் நொடியில் கிளட்சை விட்டால், கியர் மாறியதே தெரியாது. இந்தச் சின்ன முறுக்கலுக்குத்தான் 'பிளிப்' என்று பேர்.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு கியரை. 60-ல் போகும்போது ரெண்டாவது கியருக்குத் தாவக் கூடாது.

2. கிளட்சைப் பிடியுங்கள். ரெண்டு விரல் போதும் என்றால் ரெண்டு விரலே போதும்.

3. கியரை ஒன்று மட்டும் குறையுங்கள். அதே நேரத்தில் த்ராட்டிலை லேசாக முறுக்கி விடுங்கள்.

4. ஆர்.பி.எம் ஏறி இருக்கும்போதே கிளட்சை விடுங்கள். இறங்கும் வரை காத்திருந்தால், பிளிப் செய்ததே வேஸ்ட்.

மொத்தமும் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். ஆனா முதல் நாளே அந்த வேகம் வராது. வரவும் வேண்டாம்.

எங்கே பழகுறது?

டிராஃபிக்கில் வேண்டவே வேண்டாம். ஞாயிறு காலையில் ஆள் இல்லாத மைதானமோ, வண்டி வராத நேர் ரோடோ போதும். 35–40 கி.மீ வேகத்தில், மூணில் இருந்து ரெண்டு. இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஆரம்பத்தில் பிரேக்கைத் தொடாமலே பழகுங்கள்.

எவ்வளவு முறுக்கணும் என்று மீட்டரைப் பார்க்க வேண்டாம். உங்க உடம்பே சொல்லும். கிளட்சை விட்டதும் உடம்பு முன்னால் சாய்ந்தால், பிளிப் போதவில்லை. பைக் முன்னால் பாய்ந்து உடம்பு பின்னால் போனால், பிளிப் அதிகம். ரெண்டும் இல்லாமல் சத்தம் மட்டும் மாறினால், சபாஷ்!

பைக்குக்கு பைக் இது மாறும். டியூக் மாதிரி பைக்குகளில் த்ராட்டிலைத் தொட்டாலே ஆர்.பி.எம் எகிறும். புல்லட்டின் கனமான இன்ஜினுக்குக் கொஞ்சம் நிதானமான, நீளமான முறுக்கு தேவைப்படும். நண்பரின் பைக்கை வாங்கினால், பத்து நிமிடம் பழகிவிட்டு ரோட்டுக்கு வாங்க.

பிரேக் பிடித்துக்கொண்டே பிளிப் செய்வது அடுத்த லெவல். ரெண்டு விரல் முன் பிரேக்கில் ஒரே அழுத்தத்தில் இருக்க, மீதி விரல்களும் உள்ளங்கையும் த்ராட்டிலை முறுக்க வேண்டும். முறுக்கும்போது பிரேக் அழுத்தம் கூடிக் குறைந்தால், நீங்கள் இன்னும் ரெடி ஆகவில்லை என்று அர்த்தம்.

மலைப்பாதையில்தான் இருக்கு பரீட்சை

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40. இறங்கும்போது வழி முழுக்க பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால், பிரேக் சூடாகி, பிடிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். 'ஏறின கியர்லயே இறங்கு' என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். குறைந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, கியரைக் குறைத்து முடித்துவிடுங்கள். சாய்ந்த நிலையில் கிளட்சோடு விளையாடக் கூடாது. இன்னொன்று: இன்ஜின் பிரேக்கிங்கில் உங்க பிரேக் லைட் எரியாது. பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் வேகம் குறைத்தது தெரியாது. பிரேக்கை லேசாகத் தொட்டு லைட்டைக் காட்டுங்கள்.

சில சந்தேகங்கள்

'ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் இதெல்லாம் வேண்டாமா?' யமஹா ஆர்15, கே.டி.எம் டியூக் 390 போன்ற பைக்குகளில் இது உண்டு. பின் சக்கரம் துள்ளுவதைக் குறைக்கும். ஆனா பழகிய கையின் ஸ்மூத்னஸ் அதில் மட்டும் வராது.

'இன்ஜின் வீணாகுமா?' சரியாகச் செய்தால் கிளட்ச், செயின், கியர் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அடி குறைவு. வேகத்தைக் குறைக்காமல் கியர்களை மடமடவென்று குறைப்பதுதான் எமன். ரெவ் லிமிட்டர் த்ராட்டிலால் ஏறும் வேகத்தைத்தான் தடுக்கும். பின் சக்கரம் இன்ஜினைச் சுற்றிவிட்டால் அதால் ஒன்றும் செய்ய முடியாது. வால்வு வளைந்தால் செலவு உங்களுடையது.

'எவ்வளவோ சரியா செஞ்சும் குலுங்குதே?' செயின் தொங்குகிறதா, கிளட்ச் கேபிள் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழகிவிட்டீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு டெஸ்ட் இருக்கிறது. பின்னால் அம்மாவை உட்கார வைத்து ஒரு ரவுண்டு போங்க. நீங்கள் கியர் குறைக்கும்போது அவங்க உங்க தோளை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால், நீங்க பாஸ்!