காருக்கடியில் சொட்டும் எண்ணெய்

காரைப் பற்றி எழுத இவளுக்கு என்ன வந்தது, ஊறுகாய்ப் பக்குவம் எழுதலாமே என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே! குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக என்று இன்று பல வீடுகளில் கார் ஓட்டுவது நாம்தான். சர்வீஸுக்கு விட்டு, பில்லைக் கட்டி எடுத்து வருவதும் நாம்தான். அதனால் ஒரு சின்ன போல்ட் சமாசாரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எஞ்சினுக்கு அடியில் தட்டு மாதிரி ஒரு பாத்திரம் இருக்கும். எண்ணெய் தங்குவது அதில்தான். மெக்கானிக்குகள் ஆயில் சம்ப் என்பார்கள். அதன் அடியில் உள்ள போல்ட்தான் டிரெயின் பிளக். அதைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடிந்துவிடும். திரும்பப் பூட்டிவிட்டு மேலே புது எண்ணெய் ஊற்ற வேண்டும். பிளக் எஃகு, பல கார்களில் சம்ப் அலுமினியம். எவர்சில்வர் கரண்டியால் அலுமினியச் சட்டியைச் சுரண்டினால் தேய்வது சட்டிதானே! சொட்டக் கூடாதென்று பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் ஓட்டையின் உள்மரை உரிந்து போகும்.

போன வருஷம் எங்கள் கார் சர்வீஸாகி வந்த நாலாம் நாள், போர்ட்டிகோவில் ரூபாய் அகலத்துக்குக் கருப்பாய் ஒரு கறை. "ஊத்தும்போது வழிஞ்சிருக்கும், விடு" என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. தெருமுனைப் பட்டறைத் தம்பியைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர், "அக்கா, மரை போயிடுச்சுங்க. வண்டியை எடுக்காதீங்க" என்றார். ஓடும்போது பிளக் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் முழுக்கக் கொட்டிவிடும். எண்ணெய் இல்லாமல் ஓடினால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால், வீடு பக்கம்தானே என்று ஓட்டாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மரை போன பிளக் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர, வெளியே வராது. தம்பி அதன் தலைக்கும் சம்புக்கும் நடுவே மெல்லிய திருப்புளியைக் கொடுத்து, லேசாகக் கீழே நெம்பிக்கொண்டே இடப்பக்கமாகத் திருப்பினார். வந்துவிட்டது. பிளக்கைச் சுற்றி அலுமினியம் கம்பிச் சுருளாய் ஒட்டியிருந்தது! சில வண்டிகளில் மரை நன்றாக இருக்கும், தலையின் மூலைகள்தான் மழுங்கியிருக்கும். அதற்கு ஆறு மூலை சாக்கெட்டைத் தட்டி இறக்கித் திருப்புவார்கள். அதற்கும் அசையாவிட்டால் தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்றுவார்கள். எண்ணெய்க்குப் பக்கத்தில் நெருப்பு என்பதால் இது பழகிய கைக்கு மட்டுமே.

போன மரைக்கு என்ன செய்வது? தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் பருமனான பிளக் ஒன்று உண்டு. செலவு குறைவு. ஆனால் கோணலாக இறங்கலாம். வெட்டின துகள் உள்ளே விழலாம். எனக்கு அதில் திருப்தியில்லை. சம்பைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி எஃகுச் சுருளோ புஷ்ஷோ பதிப்பதுதான் நிலைக்கும். எங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள். சம்ப் விரிசல் விட்டிருந்தால் புதிது வாங்கத்தான் வேண்டும்.

அடுத்த தடவை சர்வீஸுக்கு விடும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். பிளக்கை முதல் நாலைந்து சுற்று விரலாலேயே திருகணும். பாட்டில் மூடி கோணலாகப் பிடித்தால் எடுத்து மறுபடி வைக்கிறோமில்லையா, அது மாதிரி. செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும். நசுங்கி அடைப்பதுதான் அதன் வேலை, பழசு சரியாக அடைக்காது. அதைத் தவிர்க்கப் போய்த்தான் பலர் அதிகமாக முறுக்குகிறார்கள். காற்றுத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். டார்க் ரெஞ்ச்சால், காரோடு வந்த கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினால் போதும். பல சின்னக் கார்களுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

வீட்டு ஆண்பிள்ளைகள் தாங்களே செய்கிறேன் என்று கிளம்பினால், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்க விடாதீர்கள். உறுதியான ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சர்வீஸ் முடிந்த அன்று ராத்திரி எஞ்சினுக்கு நேர் கீழே பழைய செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் நிறமில்லாத ஈரம் தெரிந்தால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர்தான், பயமில்லை. தேன் நிறத்திலோ கருப்பாகவோ பிசுபிசுத்தால் சாவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.