சின்னஞ்சிறு கணிப்பொறியின் சிக்கனக் கணக்கு

கணிப்பொறி என்றதும் திரையும் விசைப்பலகையும்தான் நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால், சலவை இயந்திரத்திலும் மின்னணு வெப்பமானியிலும்கூட ஒரு குட்டிக் கணிப்பொறி ஒளிந்திருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் அந்தச் சில்லின் ஆற்றல் மிகக் குறைவு. விலை குறைய வேண்டும், மின்கலம் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதற்காக அவ்வாறு அமைக்கிறார்கள். இத்தகைய சில்லை விரைவாக வேலை செய்ய வைப்பது எப்படி? வேகமான வேறு சில்லை வாங்குவது ஒரு வழி. தேவையற்ற வேலையை அதன் தலையிலிருந்து இறக்குவது மற்றொரு வழி. இந்த இரண்டாம் வழி 1969-ல் நிலவில் இறங்கிய இருவருக்குக் கைகொடுத்தது. அதைப் பின்னர் காண்போம்.

ஏட்மெகா 328பி என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். நிரலை வைக்க 32 கிலோபைட் இடமும், கணக்கிடும்போது எண்களை எழுதி அழிக்க 2 கிலோபைட் நினைவகமும் இதில் உண்டு. தெர்மிஸ்டர் என்னும் வெப்ப உணரியை இத்துடன் இணைத்து, நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையை அளக்கப்போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

நிரலின் எந்தப் பகுதி நேரத்தை விழுங்குகிறது என்று ஊகித்துத் திருத்தத் தொடங்கக்கூடாது. ஐயத்துக்குரிய பகுதி தொடங்கும்போது சில்லின் ஒரு முனையில் மின்னழுத்தத்தை உயர்த்தி, முடியும்போது தாழ்த்துமாறு நிரலில் எழுதுங்கள். அது எவ்வளவு நேரம் உயர்ந்திருந்தது என்பதை ஆசிலோஸ்கோப் காட்டிவிடும். மொத்த நேரத்தில் 5 விழுக்காடு மட்டுமே எடுக்கும் பகுதியை அடியோடு நீக்கினாலும் 5 விழுக்காட்டுக்கு மேல் மிச்சமாகாது அல்லவா?

புள்ளியைத் தவிர்க்கலாம்

இந்தச் சில்லுக்கு ஒரே முறையில் 8 பிட் எண்களைக் கையாளத்தான் தெரியும். 27.4 போன்ற பின்ன எண்களைக் கையாளவோ, வகுக்கவோ அதில் தனி உறுப்பு இல்லை. பல சிறு செயல்களைச் சேர்த்துத்தான் அவற்றைச் செய்கிறது. ஆகவே 27.4 பாகையை 274 என்று முழு எண்ணாகவே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் புள்ளியை இட்டால் போதும்.

சராசரி காண்பதிலும் ஓர் உத்தி உண்டு. 15 அளவீடுகளுக்குப் பதிலாக 16 எடுங்கள். நாம் எழுதும் தசம முறையில், 4700-ன் கடைசி இலக்கத்தை நீக்கினால் அது பத்தால் வகுபடுகிறது. கணிப்பொறியின் இரும முறையில் கடைசி நான்கு இலக்கங்களை நீக்கினால் எண் பதினாறால் வகுபட்டுவிடும். வகுத்தல் என்ற பெருவேலை, இலக்கங்களை நகர்த்தும் சிறுவேலையாகிவிடுகிறது.

மடக்கை அட்டவணைப் பாடம்

தெர்மிஸ்டரின் மின்தடையிலிருந்து வெப்பநிலையை அறிய மடக்கைக் கணக்குத் தேவை. தேர்வுக்கூடத்தில் நீங்கள் மடக்கையைக் கணித்துக்கொண்டா இருக்கிறீர்கள்? அட்டவணையைப் புரட்டுகிறீர்கள். சில்லுக்கும் அதே வழிதான். உணரியின் அளவு 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக வருகிறது. அந்த 1024 எண்களுக்கும் உரிய வெப்பநிலையை முன்னதாகவே பெரிய கணிப்பொறியில் கணக்கிட்டு வைத்துவிடலாம்.

ஆனால், ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் மொத்தம் 2048 பைட். 2 கிலோபைட் நினைவகம் முழுவதும் அதற்கே போய்விடும்! எனவே அட்டவணையை நிரல் இருக்கும் 32 கிலோபைட் பகுதியில் வைக்க வேண்டும். இன்னும் சிக்கனம் வேண்டுமா? பதினாறு எண்களுக்கு ஒன்றாக 65 மதிப்புகளை மட்டும் வைத்து, இடைப்பட்டவற்றை விகிதப்படி கண்டால் 130 பைட்டே போதும்.

வேகம் என்பது உறக்கம்

நிமிடத்திற்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு இத்தனை அவசரம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். விடை மின்கலத்தில் இருக்கிறது. 1.8 வோல்ட்டில், நொடிக்கு 10 லட்சம் துடிப்பு வேகத்தில், இச்சில்லு விழித்திருக்க 200 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு உறங்க 0.75 மைக்ரோ ஆம்பியர் போதும்.

200 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றைக் கொண்டு கணக்கிடுவோம். உணரிக்கும் திரைக்கும் ஆகும் செலவைச் சேர்க்கவில்லை. எப்போதும் விழித்திருந்தால் மின்கலம் சுமார் 42 நாளில் தீர்ந்துவிடும். நிமிடத்தில் ஒரு நொடி மட்டும் விழித்தால் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு வரும். அதே வேலையைப் பத்தில் ஒரு நொடியில் முடித்துவிட்டால், கணக்குப்படி 20 ஆண்டுக்கு மேல்! மின்கலம் அதற்குள் தானாகவே வலுவிழந்துவிடும் என்பது வேறு செய்தி. விரைந்து முடிக்கும் நிரல் அதிகம் உறங்குகிறது என்பதுதான் இங்கே கருதத்தக்கது.

நிலவில் நடந்த சோதனை

எவ்வளவு சிக்கனம் செய்தாலும் எதிர்பாராத சுமை வரலாம். 1969 ஜூலை 20 அன்று ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அதுதான் நடந்தது. அவர்களுடைய கலத்திலிருந்த கணிப்பொறியில் எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2048 சொற்கள் மட்டுமே. ஒரு சொல் என்பது 16 பிட். அந்த நேரத்தில் தேவைப்படாத ரேடார் ஒன்றிலிருந்து ஓயாமல் வந்த துடிப்புகள், கணிப்பொறியின் நேரத்தில் நூற்றுக்கு 13 பங்குக்கு மேல் தின்றுகொண்டிருந்தன. 1202, 1201 என்ற எச்சரிக்கைகள் திரையில் தோன்றின. ‘வேலைகளுக்கு இடம் போதவில்லை’ என்பது அவற்றின் பொருள்.

ஆயினும் கணிப்பொறி நிலைகுலையவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் வேலைகளுக்கு முன்கூட்டியே முதன்மை வரிசை வகுத்து வைத்திருந்தனர். ஒவ்வோர் எச்சரிக்கையின்போதும் கணிப்பொறி எல்லா வேலைகளையும் கைவிட்டு, கலத்தைச் செலுத்துவது போன்ற இன்றியமையாதவற்றை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆல்ட்ரின் பார்க்கக் கேட்டிருந்த கூடுதல் எண்களைக் காட்டும் வேலை அப்போது நின்றுபோனது. இறங்கும் பணி நிற்கவில்லை.

உங்கள் வெப்பமானிக்கும் இது பொருந்தும். நிரல் எழுத உட்காரும்போது முதலில் மூன்று பட்டியல் போடுங்கள்: முன்னதாகவே செய்து வைக்கக்கூடியவை எவை? செய்யாமலே விடக்கூடியவை எவை? என்ன நேர்ந்தாலும் நிற்கக்கூடாதவை எவை? சில்லுக்கு எஞ்சும் வேலை எவ்வளவு சிறியது என்பது அப்போது விளங்கும்.